ஒரு தட்டு என்றால் தண்ணீர்

டொக். இதோ மறுபடியும். பரிதி துணி காயவைக்கிற மிஷினின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அழுத்தினால் அடங்கும் என்று யாரும் சொல்லவில்லை, அழுகிற குழந்தையின் வயிற்றில் கை வைப்பதுபோல் சும்மா வைத்துப் பார்த்தான். அடங்கவில்லை. டொக். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அப்பாவின் ஈர விரிப்பு எழும்பி விழுந்துகொண்டிருந்தது, யாரோ முகத்தை மூடிக்கொண்டு விடாமல் குட்டிக்கரணம் போடுகிற மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டொக். நேற்று மத்தியானம் மெதுவாக ஆரம்பித்த சத்தம் இன்றைக்குச் சமையலறை அலமாரியில் டம்ளர்களை நடுங்கவைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நிறுத்திவிடலாம். நிறுத்தினால் விரிப்பு காயாது. குன்னூரில் ஐப்பசி மாதம் கொடியில் போட்ட துணி காயும் என்று சொல்கிறவன் கீழ்நாட்டுக்காரனாகத்தான் இருப்பான். காலை பதினோரு மணிக்கே மூடுபனி பின்வாசல் படி வரைக்கும் ஏறி வந்து நின்றுகொண்டிருந்தது. முந்தாநாள் போட்ட அம்மாவின் புடவையை இப்போதும் பிழியலாம். அப்பாவுக்கு மொத்தம் மூன்று விரிப்புகள். ஒன்று இங்கே சுற்றுகிறது, ஒன்று வாளியில், ஒன்று அவருக்குக் கீழே, அதுவும் விடியற்காலையிலிருந்து அரை ஈரம். அவர் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் ஈரத்துல படுத்தாருன்னா தோல் உரிஞ்சுக்கும், அப்புறம் புண்ணை ஆத்தறது லேசு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே மிஷின் நிற்கக் கூடாது. சத்தமும் போடக் கூடாது. ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் தட்டுவார்.

அவருக்குப் பேச்சு போய் நாலு மாதம். வலப்பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வேலை செய்தது. அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி அம்மா ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கட்டிலின் இரும்புக் குழாயோடு நாடா போட்டுக் கட்டிவைத்தாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் விரிப்பு நனைந்துவிட்டது. "ஒண்ணுக்கு நட, ரெண்டுக்கு ஓடு, மூணுக்கு மூக்கைப் புடிச்சுக்க" என்று அம்மா சொன்னபோது அப்பாவின் முகத்தில் உயிரோடிருந்த பாதி சிரித்தது. இரண்டுக்கு ஏன் ஓடவேண்டும் என்றால், மல்லாந்தே கிடந்தால் சளி தொண்டையில் சேரும், அவரால் இருமி வெளியே தள்ள முடியாது, புரட்டிவிட்டு முதுகில் தட்டினால்தான் வரும். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மிஷின் வரும்வரை. மேலே பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு போன குடும்பம், அம்மா வேலை பார்க்கிற கிளினிக்குக்கு வந்துபோகிறவர்கள், "எடுத்துக்கோங்க சிஸ்டர்" என்று கொடுத்தது. நேற்றுக் காலை நாலு பேர் தூக்கி வந்து பின்கட்டில் வைத்தார்கள், அப்பாவின் அறைச் சுவரை ஒட்டி. வேறு இடமில்லை. நேற்று முதல் டொக் கேட்டதும் பரிதி டம்ளரில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனான். அப்பா வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தான். டொக். மறுபடி போனான். நாலாவது தடவை தண்ணீரோடு போய் நின்றபோது அவர் அவனைப் பார்த்தார், கணக்குப் பரீட்சைத் தாளைத் திருத்துவதற்கு முன்னால் பெயரைப் பார்ப்பாரே அப்படி. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, தட்டுவது மிஷின். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான்: மிஷின் ஓடும்போது ஒற்றைத் தட்டெல்லாம் மிஷினுடையது. இரண்டும் மூன்றும்தான் அப்பாவுடையவை. நல்ல முடிவுதான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதும் தெரியும். நிஜமாகவே தண்ணீர் வேண்டும் என்று அவர் ஒரு தட்டுத் தட்டினால் அது மிஷினின் கணக்கில் போய்விடும். நேற்று ராத்திரி அம்மா தண்ணீர் கொடுத்தபோது அவர் ஸ்பூனைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவில்லை.

சுலைமான் அண்ணன் பஜாரில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மிஷின் எல்லாம் பார்ப்பவர். வரமுடியாது, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்றார். போனிலேயே சொல்கிறேன், நீயே பார் என்றார். "டேய் வாத்தியார் மகனே, ஒரு சுத்துக்கு எத்தன தட்டு? அத மொதல்ல சொல்லு." "அதைத் தெரிஞ்சு என்னண்ணே பண்றது? கழட்டுறதுக்கு வழி சொல்லுங்க." "அவசரக் குடுக்கை. டாக்டர் நாடி புடிக்காம வயித்தக் கிழிப்பானா? ஒரு சுத்துக்கு ஒண்ணுன்னா நோவு ட்ரம்முல. படபடன்னு நாலஞ்சுன்னா கீழ இருக்குற சின்னச் சக்கரத்துல. ஒரு நிமிஷம் சுத்த எண்ணு, ஒரு நிமிஷம் தட்ட எண்ணு. எண்ணத் தெரியும்ல? இல்ல அதையும் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?" பரிதிக்குச் சுருக்கென்றது, ஆனால் எண்ணினான். விரிப்பின் ஓரத்தில் அம்மா போட்ட சிவப்பு ஒட்டு மேலே வருவதை வைத்து ஒரு நிமிடம் சுற்றை எண்ணினான். நாற்பத்தெட்டு. அடுத்த நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு தட்டை எண்ணினான். ஐம்பது. கண்ணைத் திறந்தான். மிஷின் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது எப்படி வரும். நடுவில் எங்கேயோ தாளம் தடுக்கினமாதிரி இருந்தது, முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில், ஓடுகிறவன் பக்கத்தில் இன்னொருவன் இரண்டு அடி ஓடிவிட்டு நின்றுபோகிற மாதிரி. எண்ணினதில் தப்பு. அப்பா பெஞ்சை ஸ்கேலால் தட்டித் தட்டி வாய்ப்பாடு சொல்லவைத்த பிள்ளைக்கு ஐம்பது வரை எண்ணுவதில் தப்பு வராது. ஆனாலும் தப்பு. "என்னடா, தூங்கிட்டியா?" என்றார் சுலைமான் அண்ணன். "ஒரு சுத்துக்கு ஒண்ணுதாண்ணே," என்றான். மீதி இரண்டை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது எதற்கு.

"அப்ப ட்ரம்மு. பிளக்கப் புடுங்கு. புடுங்கிட்டு மேல் மூடியக் கழட்டு. பிளக்கப் புடுங்காம கைய விட்டேன்னா நா மய்யத்து எடுக்கத்தான் வரணும், ரிப்பேருக்கு இல்ல." பிளக்கைப் பிடுங்கியதும் மிஷின் முனகிக்கொண்டு நின்றது. நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. பனி காதுக்குள் வந்து அடைத்துக்கொண்ட மாதிரி. ரோட்டில் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸின் ஹாரன்கூட வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வருவதுபோல் வந்தது. போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். சமையலறையைத் தாண்டினால் அப்பாவின் கதவு, பன்னிரண்டு அடி. மூடியைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். முன்பக்கத்துப் பஞ்சுச் சல்லடையை உருவினான், அதன் கீழேதான் இரண்டு திருகாணிகள். சல்லடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. பிய்த்து எடுத்தால் முழுசாக வந்தது, வெதுவெதுப்பாக, எலிக்குஞ்சின் மேல் தோல் போல. அதில் வெள்ளை முடிகள். அப்பாவின் முடி, அப்பாவின் தோல் செதில், விரிப்பின் நூல், நாலு மாதம் ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து உதிர்ந்த அத்தனையும். தினமும் ஒரு பிடி. ஒரு பிடி குறைந்துதான் அவர் மறுநாள் காலை கட்டிலில் இருக்கிறார். அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தான், வைத்ததும் அது மூச்சு விடுகிற மாதிரி மெல்ல உப்பியது, அழுத்தி எடுத்த பஞ்சு அப்படித்தான் உப்பும், தெரியும். பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், அப்பாவுக்காகப் படிப்பை விட்ட பிள்ளை என்று. அம்மாவின் கிளினிக்கில் அவனுக்கு பிஸ்கட் கொடுத்து அனுப்புகிறார்கள். பொய். அவன் பள்ளிக்கூடத்தை விட்டது அப்பா விழுவதற்குப் பதினோரு நாள் முன்னால். பிளஸ் டூ பிடிக்கவில்லை, உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, துரைக்கண்ணு சார் மகனாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கவே பிடிக்கவில்லை, நேராகப் போய் அவரிடம் சொன்னான். அவர் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, இடது கை விரல் முட்டியால் மேசையை இரண்டு தடவை தட்டினார். எழுந்து போய்விட்டார். அந்த இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க நினைத்துக்கொண்டே பதினோரு நாள் ஓடியது. இப்போது கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டியதும் தட்டித்தான்.

மூடி வந்துவிட்டது. உள்ளே ட்ரம், அதன் இடுப்பில் அரைஞாண் மாதிரி கறுப்பு பெல்ட். சுலைமான் அண்ணன் சொன்னபடி கீழே கையை விட்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்னக் கப்பியை நெம்பினான், பெல்ட் தளர்ந்து மோட்டாரிலிருந்து நழுவியது. இப்போது மோட்டார் தனி, ட்ரம் தனி. கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். சுற்றினான். ட்ரம் தயங்கித் தயங்கித் திரும்பியது, ஈர விரிப்பு உள்ளே ஒரு பக்கமாக ஏறி, சரிந்து, பொத்தென்று விழ, டொக். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை, இருந்தும் டொக். அப்பாடா, ட்ரம்முக்குள்தான். துணியைத் தூக்கிப் போடுவதற்காக உள்சுவரில் மூன்று நீளத் துடுப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் இன்னொரு சுற்று சுற்றினான். டொக். இன்னொன்று. டொக். கையை எடுத்தான். ட்ரம் அசையாமல் நின்றது. டொக், டொக்.

பரிதி கையைப் பார்த்தான். கை இரண்டும் காற்றில் இருந்தன, விரல்களில் கறுப்பு. துடுப்பு தானாக அடங்கும்போது வந்த சத்தம். சூடான தகரம் ஆறும்போது சத்தம் போடும், தகரக் கூரை வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாதா. தகரம் ஆறினால் டப் என்று கேட்கும். இது எவர்சில்வர். எவர்சில்வருக்கு ஈறு கூசுகிற ஒரு ரீங்காரம் உண்டு, சத்தம் நின்ற பிறகும் பல்லில் நிற்கும். இரண்டு. இரண்டுக்கு ஓடு. கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது, முழங்கால் மடங்கி, குதிகால் தூக்கி. ஆனால் அவன் மூளை வேறு ஒன்றைக் கணக்குப் போட்டது: ஐம்பதில் நாற்பத்தெட்டு போக இரண்டு. அப்படியானால் அது அப்போதே. சுலைமான் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோதே. மூடி கழற்ற இருபது நிமிடம், பெல்ட்டோடு மல்லாடப் பத்து நிமிடம். அரை மணி நேரமாகக் கூப்பிடுகிற ஒருவர் முன்னால் இப்போது போய் நின்றால் அவர் பார்ப்பார். நேற்றுப் பார்த்த மாதிரி இல்லை. வேறு மாதிரி. அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியாது, புரட்டிப் படுக்கவைப்பதில் என்ன கஷ்டம், அறுபது கிலோ இருந்தவர் இப்போது முப்பத்தைந்துகூட இல்லை. போகாமல் இருந்த ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பன்னிரண்டு அடியை இழுத்து நீளமாக்கியது. சரிசெய்துவிட்டு, காய்ந்த விரிப்போடு போனால் அது வேறு விஷயம். கையில் சூடான விரிப்பு இருந்தால் அவர் முதலில் விரிப்பைத்தான் பார்ப்பார். இந்த ஒரு திருகாணி. ஒரே ஒரு திருகாணி, அப்புறம் ஓடு.

போன் அடித்தது. அம்மா. "சாப்டியா?" "ம்." "பொய் சொல்லாத. மோர் இருக்கு, ஊறுகாய் இருக்கு, தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா ஆச்சு. அப்பா?" "தூங்குறாரு." வாயிலிருந்து வந்துவிட்டது, அவன் சொல்லவில்லை, வாய் சொன்னது. "பாத்தியா போயி?" "பாத்தேன்மா. இப்பத்தான்." அந்தப் பக்கம் யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள், "சிஸ்டர், ஊசி", அம்மா "வரேன் வரேன்" என்றாள், பிறகு போனுக்குள் திரும்பி வந்தாள். "அது என்னடா சத்தம்?" "எது?" "டொக்கு டொக்குங்குது." பரிதி ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பெல்ட்டுமாக நின்றான். மிஷினின் பிளக் தரையில் கிடந்தது, மூன்று பல்லையும் காட்டிக்கொண்டு. அவனுக்கும் கேட்டது. இரண்டிரண்டாக இல்லை இப்போது. ஒழுங்கில்லாமல், ஒன்று, அப்புறம் நிறைய இடைவெளி, அப்புறம் மூன்று நாலு வேகமாக, எந்தக் கணக்கிலும் வராத தட்டு. "மிஷின்மா," என்றான். "இன்னுமா ரிப்பேர் பண்ற?" "முடியப்போகுது." அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது, நாடி பார்க்கிற மாதிரி அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். அம்மா, அது மிஷின் இல்லை, நான் போகிறேன், போனை வை. நாலு வார்த்தை. பெல்ட்டை விரலில் சுற்றினான். "சரி," என்றாள் அம்மா. "அந்தச் சத்தம் நின்ன உடனே போயி அப்பாவைப் பாரு. தூங்கினா தூங்கட்டும்னு விட்டுட்டு வராத, கையத் தொட்டுப் பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு." "சரிம்மா." "சத்தம் நின்ன உடனே." "சரின்னேன்ல."

துடுப்பைப் பிடித்திருக்கவேண்டிய திருகாணிகள் இரண்டு. ஒன்று எங்கோ விழுந்து போயிருந்தது, இன்னொன்று பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. ட்ரம்மைத் திருப்பி, அந்த இடத்தை மேலே கொண்டுவந்து, திருப்புளியை வைத்தான். திருப்புளி வழுக்கித் தகரத்தைக் கீறியது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு. வைத்தான், வழுக்கியது. தட்டு. "இருங்க," என்றான் சத்தமாக, யாரிடம் என்று தெரியாமல், "இருங்கப்பா, ரெண்டு நிமிஷம், கையில வேலை இருக்கு," தினமும் சொல்வதுதான், எரிச்சலான குரல், அவனுடைய வழக்கமான குரல், அது இவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரிகூட இருந்தது. சுவரும் அதைக் கேட்டதுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஒரு திருகாணி இறுகியது. இன்னொன்றுக்கு மேல் மூடியில் இருந்ததையே கழற்றிப் போட்டான், அளவு சரியாகத்தான் இருந்தது, கடைசி இரண்டு சுற்றில் திருப்புளிக்கு அடங்காமல் குறட்டால் முறுக்கினான். சுட்டுவிரல் முட்டியில் தோல் வழண்டு ரத்தம் வந்தது, வாயில் வைத்துச் சப்பினான், இரும்பும் பஞ்சும் ருசித்தன. நடுவில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. தண்ணீர். அது மெல்லிசாக இருந்தது, டம்ளர் குழாயில் சரியாகப் படாமல் உரசியமாதிரி. அதற்கு அடுத்ததை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்தான். கப்பிக்குள் பெல்ட்டை நுழைத்தபடியே எதிர்பார்த்தான். மூடியைச் சாத்தியபடியே எதிர்பார்த்தான். பிளக்கைச் சொருகுவதற்கு முன் சுவரில் காதை வைத்தான். சுவர் ஈரமாக, குளிர்ந்து, ரொம்ப ஒழுங்காக இருந்தது.

சுவிட்சைப் போட்டான். மிஷின் ஓடியது. எப்படி ஓடியது, எண்ணெயில் மிதக்கிற மாதிரி, ஒரு காற்று, ஒரு உருளல், விரிப்பு பொத்து பொத்தென்று பஞ்சுபோல் விழுகிற சத்தம், அவ்வளவுதான். நாற்பத்தெட்டு சுற்று எண்ணினான். தட்டு ஒன்றும் இல்லை. சைபர். சுலைமான் அண்ணனுக்குப் போன் பண்ணினால், "பலே, கடைக்கு வந்துடு, ஸ்டூலு போட்டு வைக்கிறேன்" என்பார். சந்தோஷப்படவேண்டும். மறுபடி நாற்பத்தெட்டு எண்ணினான், மறுபடி சைபர், இந்தச் சைபர் மிஷினுடையதா சுவருடையதா என்று பிரித்துப் பார்க்காமல் இருப்பதற்காக மறுபடி எண்ணினான். பனி பின்வாசலைத் தாண்டி உள்ளே வந்து தரையில் படுத்திருந்தது. இருபது நிமிடத்தில் மிஷின் தானாக நின்றது, கதவைத் திறந்தான், விரிப்பு முறுகலாகக் காய்ந்திருந்தது, மாதக் கணக்கில் இந்த வீட்டில் எந்தத் துணியும் இப்படிக் காயவில்லை. நாலாக மடித்தான். பிரித்து எட்டாக மடித்தான். அந்தச் சூட்டை மடியில் வைத்துக்கொண்டு மிஷினுக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்தான். அம்மா போனை மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருப்பாள், ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் ஒரு தடவை பார்ப்பாள். கஷ்டமான வேலை எதையும் அவள் சொல்லவில்லை. சத்தம் நின்றதும் போய் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், பார்த்துவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னாள். சத்தம் நின்றுவிட்டது. அவன் போகவில்லை.